அக்காவும் தங்கச்சியும் மேடையில்: சிறுவயதுக் கொடுமையைச் சுமப்பவர்களின் கதையைக் கடற்கரை ஊரில் நாடகமாக்க முழுமையான வழிகாட்டி

சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளான இரண்டு சகோதரிகள். இருவரும் வளர்ந்துவிட்டார்கள், ஆனால் அந்த வீடு இன்னும் அவர்கள் உடம்பை விட்டுப் போகவில்லை. இப்படி ஒரு கதையை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மணலில் மேடை போட்டு நடிக்க விரும்பும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொண்டிப் பக்கத்திலிருந்து வாலிநோக்கம் வரை இந்த வேலையைச் செய்து பார்த்ததில், புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் நாளே வசனம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் நடிகையைத் தேடுகிறார்கள், அப்புறம் ஊரைக் கேட்கிறார்கள். பார்க்க வந்த பெண் ஒருத்தி நாடகத்தின் நடுவில் எழுந்து அழுதுகொண்டே போனால் என்ன செய்வது என்ற கேள்வி, நாடகத்துக்கு முந்தின நாள் ராத்திரிதான் வருகிறது. அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

இரண்டு நடிகைகள், அம்மாவாக மூன்றாவது ஒருவர், 45 நிமிட நாடகம், முதல் பேச்சிலிருந்து மேடை வரை 12 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 3 வாரத்தில் ஒரு வரிகூட எழுத மாட்டீர்கள். அதில் பதற்றப்பட ஒன்றுமில்லை.

1. துணைக்கு ஆள் பிடித்த பிறகே கதை

குழுவுக்கு வெளியே மூன்று பேர் வேண்டும். மனநல ஆலோசகர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், நீங்கள் நடிக்கப்போகும் ஊரில் பெண்கள் நம்பிப் பேசும் ஒருவர். மூன்றாமவர் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கலாம், கிராம சுகாதார செவிலியராக இருக்கலாம், மகளிர் குழுத் தலைவியாகவும் இருக்கலாம். இவர் கிடைக்காத ஊரில் நாடகத்தை வைக்காதீர்கள். நீங்கள் மறுநாள் மூட்டை கட்டிவிடுவீர்கள், அந்த ஊரில் இருக்கப்போவது அவர்தான்.

ஆலோசகர் நேரில் கிடைக்காவிட்டால், தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கும் ஒருவரையாவது உறுதி செய்யுங்கள். குழுவில் எல்லோரும் நான்கு எண்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல உதவிக்கு 14416, அவசரத்துக்கு 112. ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை நீங்களே பேசிப் பாருங்கள். மறுமுனையில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்திருந்தால்தான், நடுங்கும் கையில் போனைக் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து உதவ முடியும்.

அடுத்தது சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்காக 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இதை முதல் கூட்டத்திலேயே, யாரும் எதையும் சொல்வதற்கு முன்பே, சொல்லிவிட வேண்டும். 'மனசு விட்டுப் பேசுங்க, இங்க சொல்றது இங்கயே இருக்கும்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பெண் தன் பிள்ளையைப் பற்றிச் சொன்ன பிறகு போலீசுக்குப் போனால், அவளை இரண்டாம் தடவை ஏமாற்றியவர் நீங்கள் ஆவீர்கள். ஒரு குழு இப்படி வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வளர்ந்த பெண் தன் பழைய கதையைச் சொன்னால், புகார் கொடுப்பதா என்பதை அவரோடு உட்கார்ந்து, சட்டம் தெரிந்தவரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஆனால் அந்த ஆள் இன்றும் குழந்தைகள் உள்ள வீட்டில் நடமாடுகிறான் என்றால் அது பழைய கதை அல்ல. அன்றைக்கே செயல்பட வேண்டும்.

2. உண்மையில் நடந்த ஒருவருடைய கதையை எடுக்காதீர்கள்

அவரே சம்மதித்தாலும் வேண்டாம். கடற்கரை ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். படகின் நிறம், வீட்டு முன்னால் இருக்கும் பூவரச மரம், கணவர் சவுதியில் இருக்கும் விவரம், இவற்றில் இரண்டு சேர்ந்தால் போதும், 'இது இன்னார் மகள்' என்று முன்வரிசையிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும்.

போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, குடியிருக்கும் பகுதி எதுவும் செய்தியில் வெளிவரக் கூடாது என்கிறது. நாடகக்காரர்களும் அந்தப் பட்டியலையே சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். எழுதிய கதையை இந்த ஆறு துளைகளிலும் ஒரு தடவை சலித்துப் பாருங்கள்.

ஊருக்கும் பெயர் வேண்டாம். பாம்பன் தீவில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் இருக்கின்றன. இந்தக் கதையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு குழுவும் அந்தப் பெயர்களைப் பார்த்து ஆசைப்படுகிறது. அங்கே பல குடும்பங்கள் வாழ்கின்றன, அவர்கள் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும்.

கொடுமை செய்தவனை வேறு சாதிக்காரனாக, வேறு மதத்துக்காரனாக, வெளியூர் வியாபாரியாக எழுதுவதும் தவறு. ஒரே தெருமுனையில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் இருக்கும் கடற்கரை இது. அப்படி எழுதினால் நாடகம் அரை மணி நேரத்தில் ஊர்ச் சண்டையாகிவிடும். அது உண்மையும் அல்ல. இந்தக் கொடுமையைச் செய்பவன் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவன், வீட்டுக்குள் வந்து போகிறவன்.

3. 'ஏன் இன்றைக்கு?' என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்

இருபது வருடமாகப் பேசாதவர்கள் இன்றைக்கு ஏன் பேச வேண்டும்? இதற்குப் பதில் இல்லாத நாடகத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பழையதைச் சொல்லி அழுதுகொண்டே இருப்பார்கள். பார்ப்பவருக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிடும், அந்தச் சலிப்புக்காக அவருக்கே வெட்கமாகவும் இருக்கும்.

நான் பயன்படுத்தும் சூழலைச் சொல்கிறேன். கொடுமை செய்தவன் இவர்களுடைய தாய்மாமன். மூத்தவளின் மகள் வயசுக்கு வந்திருக்கிறாள், சடங்கு வைக்கப்போகிறார்கள். அம்மா தன் தம்பியை முதல் மரியாதைக்குக் கூப்பிட வேண்டும் என்கிறாள். இதைக் கேள்விப்பட்டு இளையவள் திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்துவிடுகிறாள்.

இதில் யாரும் பழையதைப் பேச விரும்பவில்லை. பத்திரிகையில் யார் பெயர் போடுவது என்பதைத்தான் பேசுகிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் பேச்சு திரும்பினாலும் அந்த ஆளிடம் வந்து நிற்கிறது. நம் ஊரில் தாய்மாமன் சீர் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சூழலை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் பகுதிக்குத் தக்கபடி மாற்றுங்கள். கீழக்கரைப் பக்கம் நிக்காஹ் வீடாகலாம், மண்டபத்தில் ஒரு ஞானஸ்நான விருந்தாகலாம். அழைப்புப் பட்டியல் ஒன்று நடுவில் இருந்தால் போதும்.

4. ஒரே வீடு, இரண்டு உடம்பு

மொத்த வேலையிலும் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது.

ஒரே கொடுமைக்கு ஆளான இரண்டு பேர் ஒரே மாதிரி வளர்வதில்லை. மூத்தவள் எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்திருக்கப் பழகியிருக்கலாம். ராத்திரி மூன்று தடவை எழுந்து கதவைப் பார்ப்பாள். மகளைத் தோழி வீட்டுக்குக்கூட அனுப்பமாட்டாள். தங்கச்சியைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்வு அவளுக்கு. அப்போது அவளுக்கே பதினோரு வயதுதான் என்பது அவள் கணக்கில் வருவதில்லை.

இளையவளுக்கு நினைவு கோர்வையாக இல்லை. ஒரு வாசனை, சுவரில் ஒரு விரிசல், மழைச் சத்தம் என்று துண்டுதுண்டாக வருகிறது. பின்னாலிருந்து யாராவது தொட்டால் துள்ளிவிடுகிறாள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்கிறாள். பேசிக்கொண்டே இருப்பவள் திடீரென்று எங்கோ போய்விடுகிறாள், கண் திறந்திருக்கும், ஆள் அங்கே இல்லை.

மூத்தவளுக்கு மௌனம் வேண்டும். அது உடைந்தால் வீடே சரிந்துவிடும் என்று நம்புகிறாள். இளையவளுக்கு ஒரு சாட்சி வேண்டும். 'ஆமா, நடந்துச்சு' என்று ஒருத்தியாவது சொன்னால்தான் தனக்குப் பைத்தியம் இல்லை என்று அவளால் நம்ப முடியும். இரண்டு பேரும் நல்லவர்கள், ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் ஒருத்திக்குத் தேவையானது இன்னொருத்திக்கு ஆபத்து. இந்த இடத்தைப் பிடித்துவிட்டால் நாடகம் கையில் வந்த மாதிரி.

புதியவர்கள் பெரும்பாலும் ஒருத்தியை உடைந்தவளாகவும் இன்னொருத்தியைத் தெளிந்தவளாகவும் எழுதுகிறார்கள். தெளிந்தவள் அறிவுரை சொல்ல, உடைந்தவள் தலையாட்டுவாள். காட்சிக்குக் காட்சி இது மாற வேண்டும். கதவைப் பூட்டிக்கொண்டே இருந்த மூத்தவள் ஒரு கேள்வியில் குலைந்துபோக, அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவள் இளையவளாக இருக்க வேண்டும்.

'அப்பவே கத்தியிருக்கலாமே?' இந்தக் கேள்வி ஒவ்வொரு ஊரிலும் வரும். அதற்கு வசனத்தில் பதில் சொன்னால் யார் மனதிலும் இறங்காது. பயத்தின் உச்சத்தில் உடம்பு உறைந்துபோகும், குரல் எழாது, கை அசையாது. பெரியவர்களுக்கே அப்படித்தான், குழந்தையைக் கேட்க வேண்டாம். அதனால் நாடகத்தில் ஓர் இடத்தில் வெளியே வாசலில் யாரோ 'அக்கா இருக்காகளா?' என்று ஓர் ஆண் குரல் கேட்கட்டும். மீன்காரரோ, கேபிள்காரரோ. அந்தக் குரலுக்கு இரண்டு பெண்களும் உறைந்து நிற்கட்டும். பத்து எண்ணும் வரை எதுவும் நடக்க வேண்டாம். அந்த மௌனத்துக்குப் பிறகு கேள்வி கேட்பவர் குறைந்துவிடுகிறார்.

அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் மேடையில் சொல்லிவிடாதீர்கள். எங்கள் நாடகத்தில் அவள் ஓரமாக உட்கார்ந்து கருவாட்டை எண்ணி வைத்துக்கொண்டிருப்பாள். தன் தம்பியின் பெயர் காதில் விழுந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவாள். பெண்கள் பக்கத்தில் அந்த இடத்தில்தான் முதல் விசும்பல் கேட்கும்.

5. வசனத்தை வேலையிலிருந்து தொடங்குங்கள்

முதலில் கையில் வேலை கொடுங்கள், அப்புறம் வாயில் பேச்சு. நம் பெண்கள் சும்மா உட்கார்ந்து பெரிய விஷயம் பேசுவதில்லை. கடல்பாசி காயப்போடும்போது, மீன் ஆயும்போது, ஓலை கிழிக்கும்போதுதான் பேசுவார்கள். கண்ணைப் பார்க்காமல் பேச வேலை உதவுகிறது. நடிகைக்கும் அது காப்பு, தாங்க முடியாத வரியில் கை வேலையைப் பிடித்துக்கொள்ளலாம்.

சகோதரிகளைப் பாசி எடுப்பவர்களாக வைத்தால் உங்களுக்கு நிறையக் கிடைக்கும். விரலில் சுற்றும் துணி, தண்ணீருக்குள் பார்க்கப் போடும் கண்ணாடி, ஈரச் சாக்கு, காய்ந்த பாசியை உதறும் சத்தம். ஆனால் உண்மையில் பாசி எடுக்கும் ஒருவரிடம் இரண்டு நாள் கூட இருந்து கற்றுக்கொள்ளுங்கள். துணியைத் தப்பாகச் சுற்றினால் முன்வரிசைப் பெண்கள் சிரித்துவிடுவார்கள், அப்புறம் அவர்கள் உங்களை நம்பமாட்டார்கள்.

வசனம் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு எங்கள் நாடகத்திலிருந்து நான்கு வரி. ஈரப்பாசியை விரித்துக்கொண்டே பேசுகிறார்கள்.

'அக்கா, அந்தப் பழைய வீட்டு அறைக்குத் தாழ்ப்பா இருந்துச்சா?'
'அந்தப் பக்கம் காஞ்சிருச்சா பாரு.'
'இருந்துச்சாக்கா?'
'வெளியில இருந்துச்சு.'

இவ்வளவுதான். என்ன நடந்தது என்று ஒரு சொல்கூட இல்லை. நடந்ததைக் காட்டாதீர்கள், விவரிக்கவும் வேண்டாம். திரைக்குப் பின்னால் அலறல், சிவப்பு விளக்கு, கிழிந்த பாவாடை எதுவும் வேண்டாம். கூட்டத்தில் இருக்கும் பாதிக்கப்பட்டவர்களை அது அந்த இடத்திலேயே பழைய அறைக்குள் தள்ளிவிடும். கூட்டத்தில் அப்படி யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2007-இல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் கேட்கப்பட்ட 12,447 குழந்தைகளில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். உங்கள் முன்னால் நூறு பேர் உட்கார்ந்திருந்தால் அதை மனதில் வைத்து எழுதுங்கள்.

குழந்தை நடிகர் வேண்டவே வேண்டாம். மூத்தவளின் மகளும் மேடைக்கு வர வேண்டியதில்லை. கொடியில் காயும் பள்ளிச் சீருடை ஒன்று போதும். மாமனும் வர வேண்டாம். அவன் வந்தால் எல்லோர் கண்ணும் அவன் மேல்தான் இருக்கும்.

சொற்களைப் பார்த்துப் பொறுக்குங்கள். 'கெட்டுப்போயிட்டா', 'சீரழிஞ்சுட்டா', 'கற்பு போச்சு' எல்லாமே பழியைப் பெண்ணின் உடம்பில் ஏற்றுபவை. ஊரில் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதால் முழுக்க விலக்கவும் முடியாது. அம்மா ஒருமுறை 'கெட்டது கெட்டுப்போச்சு' என்று சொல்லட்டும். மூத்தவள் பாசியை உதறியபடி 'நாங்க கெட்டுப்போகலம்மா, கெட்டது அவன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடரட்டும்.

6. நடிகைகளைத் தேர்ந்தெடுப்பது

'உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கா?' என்று யாரிடமும் கேட்காதீர்கள். அனுபவம் இருந்தால் நன்றாக நடிப்பார் என்று நினைப்பது கொடுமை. கதையை முழுதும் சொல்லுங்கள், எழுதியதைக் கையில் கொடுத்து மூன்று நாள் வீட்டில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வேடத்துக்கு ஒரு மாற்று நடிகையும் இருக்க வேண்டும். அப்போதுதான் நாடகத்துக்கு முந்தின நாள்கூட ஒருவர் விலக முடியும்.

வீட்டாரிடமும் முன்பே பேசிவிடுங்கள். என்ன வேடம் என்று தெரியாமல் கணவரோ அண்ணனோ கூட்டத்தில் வந்து உட்கார்ந்தால், ராத்திரி வீட்டில் அந்தப் பெண் படும் பாட்டை நீங்கள் பார்க்கமாட்டீர்கள்.

7. ஒத்திகையில் முதல் பாடம் நிறுத்துவது

முதல் ஒத்திகையில் நடிப்பு இல்லை. நிறுத்துவதற்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். வசனத்தில் எங்கும் வராத சொல்லாக இருக்க வேண்டும், 'வேண்டாம்', 'நிறுத்து' இரண்டும் வசனத்திலேயே வந்துவிடும். நாங்கள் 'நங்கூரம்' என்று வைத்திருக்கிறோம். யார் சொன்னாலும், எந்தக் காட்சியானாலும், எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. முதல் நாள் சும்மாவே பத்துத் தடவை சொல்லிப் பழகுங்கள், ஏனென்றால் பழகாத சொல் தேவைப்படும் நேரத்தில் வாயில் வராது.

அப்புறம் தொடுவது. அக்கா தங்கச்சியின் தலையைத் தொடும் இடம், கையைப் பிடிக்கும் இடம், ஒவ்வொன்றையும் இருவரும் பேசி முடிவு செய்து அதே மாதிரி செய்ய வேண்டும். மேடையில் உணர்ச்சி வந்து புதிதாகக் கட்டிப்பிடிப்பது கூடாது.

ஒவ்வொரு ஒத்திகையிலும் கனமான காட்சியை நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் நடிகை அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். முடிந்ததும் முகம் கழுவி, புடவையை மாற்றி, தன் சொந்தப் பெயரையும் இன்று ராத்திரி வீட்டில் என்ன சமையல் என்பதையும் ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்ல வேண்டும். சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும், விட்டுவிடாதீர்கள். வேடத்தை மேடையில் கழற்றாமல் போன ஒரு நடிகை, வீட்டில் தன் மகளைத் தூங்கவிடாமல் ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு நான் இந்தப் படியை ஒருநாளும் விட்டதில்லை.

8. நாள், காற்று, மேடை

நாளைக் காலண்டரைப் பார்த்து வைக்காதீர்கள், கடலைப் பார்த்து வையுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் வெவ்வேறு நாட்களில் கடலுக்குப் போகின்றன, எந்த நாளில் எது என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். பாசி எடுக்கும் ஊர்களில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் பெண்கள் விடியுமுன் போய்விடுவார்கள். அந்த ராத்திரி நாடகம் வைத்தால் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளிக்கிழமையையும், நோன்பு மாதத்தையும் தவிருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆண்கள் ஊரில் இருப்பார்கள், கூட்டம் வரும் என்று எல்லோரும் அந்த நாட்களையே தேர்வு செய்கிறார்கள். கூட்டம் வரும், உண்மைதான். ஆனால் கையில் காசு இல்லாத, வீட்டில் சண்டை அதிகமான நாட்களும் அவைதான். நாடகம் பார்த்துவிட்டு ஒரு பெண் வீட்டில் வாய் திறந்தால் அடி விழும் வாய்ப்பு அதிகம். நான் பெரும்பாலும் தடைக்காலம் முடிந்து ஒரு மாதம் கழித்தே வைக்கிறேன்.

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி வரிசையில், அலைச் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும். அப்போது பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி வரிசைக்குப் போங்கள். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில் இதைத் திருப்பிப் போடுங்கள். காற்று மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கி வீசுமாறு மேடையை வையுங்கள், மெல்லிய குரல்கூடப் போய்ச் சேரும். எதிர்க்காற்றில் நடிகை கத்த வேண்டியிருக்கும், இந்த நாடகத்தில் கத்தினால் எல்லாம் போயிற்று.

பின்னால் படுதா கட்டாதீர்கள், பாய்மரம் மாதிரி உப்பிக் கம்பத்தைச் சாய்த்துவிடும். பழைய வலையைத் தொங்கவிடுங்கள், காற்று புகுந்து போகும். 150 பேருக்கு மேல் கூட்டம் வேண்டாம், நெருக்கமாக மணலில் உட்காரவையுங்கள். மைக் செட்காரரிடம் இரண்டு மைக்கைத் தொங்கவிட்டு, தலைக்குப் பஞ்சு மாட்டச் சொல்லுங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை, ஏழு மணிக்குத் தொடங்கினால் பேசவும் நேரம் இருக்கும்.

இசை நாடகத்துக்குப் பழகிய ஊரில் 'நடுவுல ஒரு பபூன் விடுங்க' என்று கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

9. ஊரைக் கேட்பது

முதலில் மகளிர் குழுவில் பத்துப் பெண்களுக்கு நாடகத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த ஊரில் வேண்டாம். சரி என்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு ஊர்த்தலைவரிடமோ ஜமாஅத்திலோ பங்குத்தந்தையிடமோ போங்கள்.

என்ன நாடகம் என்பதை மறைக்காதீர்கள். 'பெண் கல்வி விழிப்புணர்வு' என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டு இதை நடித்தால், கோபம் உங்கள் மேல் விழாது, உங்களை அழைத்து வந்த பெண்கள் மேல் விழும். 'சின்ன வயசுல வீட்டுக்குள்ள நடந்த கொடுமையால ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க படுற பாடு, ஆபாசம் ஒண்ணும் கிடையாது' என்று நேராகச் சொன்னால் பல பெரியவர்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'நடத்துங்கம்மா' என்கிறார்கள்.

10. நாடகத்தன்று

தொடங்குமுன் ஒருவர் மேடையேறி, கதை எதைப் பற்றியது, நடுவில் எழுந்து போகலாம், போவதை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், போனில் படம் எடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அங்கன்வாடியில் விளையாட்டுக்கு உட்காரவையுங்கள், பொறுப்பாக இரண்டு பெண்களோடு.

வெளியேறும் வழியை வெளிச்சத்தில் விடாதீர்கள். எழுந்து போகும் பெண் விளக்கைக் கடந்தால் மறுநாள் ஊர் அவளைப் பற்றிப் பேசும். வழி பின்பக்கமாக, பாதி இருட்டில் இருக்கட்டும். அங்கே இரண்டு பெண் தோழர்கள் தண்ணீரோடு நிற்கட்டும். பின்னாலேயே ஓடி 'என்னாச்சு?' என்று கேட்கக் கூடாது, கண்ணில் படும் தூரத்தில் நின்றால் போதும்.

11. முடிவுக் காட்சியும் அதற்குப் பிறகும்

மூன்று முடிவுகள் வேண்டாம். மாமன் காலில் விழுந்து, சகோதரிகள் மன்னிப்பது. அவனை அரிவாளால் வெட்டுவது. ஒருத்தி கடலுக்குள் நடந்து போவது. கடைசியானதை எழுத எத்தனையோ பேர் விரும்புகிறார்கள், மேடைக்குப் பின்னால் கடல் இருப்பதால். கூட்டத்தில் எந்தப் பெண் எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. அவளுக்கு அந்த வழியைக் காட்டிவிடாதீர்கள்.

எங்கள் நாடகத்தில் பட்டியலில் மாமன் பெயர் அடிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அப்புறம் மூத்தவள் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் வைத்து முடுக்குகிறாள், இளையவள் விளக்கைப் பிடிக்கிறாள். அம்மா எண்ணுவதை நிறுத்தியிருக்கிறாள். விளக்கு அணைகிறது.

உடனே பாட்டுப் போடாதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பேச்சைத் தொடங்கும்போது 'இங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?' என்று கேட்கவே கூடாது. 'அந்த அம்மா என்ன செய்திருக்கலாம்?', 'அக்கா ஏன் இவ்வளவு நாள் பேசல?' என்று பாத்திரங்களைப் பற்றிக் கேளுங்கள். தன் கதையைச் சொல்ல விரும்புபவர் அக்காவின் பெயரில் சொல்லிக்கொள்வார்.

யாராவது தனியாக வந்து சொன்னால்: 'சொன்னது நல்லதும்மா, நான் நம்புறேன், உன் மேல தப்பு இல்ல.' இந்த மூன்றும் போதும். விவரம் கேட்காதீர்கள், ரகசியமாக வைப்பதாகச் சத்தியம் செய்யாதீர்கள், சொன்னவர் சிறுமி என்றால் அந்த ராத்திரியே 1098-ஐக் கூப்பிடுங்கள், ஆலோசகரை எழுப்புங்கள்.

மறுநாள் காலையில் கிளம்பிவிடாதீர்கள். மதியம் வரை ஊரில் இருங்கள், முதல் நாள் துணை நின்ற அந்த ஊர்க்காரரோடு பெண்கள் வேலை செய்யும் இடத்தில் போய் உட்காருங்கள். மூன்றாவது வாரம் இன்னொரு முறை போங்கள். பெரும்பாலும் யாரும் நாடகத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள், பாசி விலையைத்தான் பேசுவார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து பாசியை உதறிக்கொண்டிருங்கள். ஒருவர் மட்டும் எல்லோரும் எழுந்த பிறகும் எழாமல் இருப்பார். அவருக்காகக் கடைசி பஸ்ஸைத் தவறவிடத் தயாராக, அன்று ராத்திரி தங்க ஓர் இடத்தையும் முன்பே பேசி வைத்துவிட்டுப் போங்கள்.